விருந்துக்காகப் பட்டினி கிடந்த வார இறுதி

வார இறுதியில் ஊர் சுற்றப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரிடமிருந்தும் ஒரே யோசனைதான் வரும். "காலையில் எதுவும் சாப்பிடாதே, பகலெல்லாம் நன்றாக நட, ராத்திரி மூக்குப் பிடிக்கச் சாப்பிடு, கணக்கு நேராகிவிடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அப்படியே செய்தேன். அந்தக் கணக்கு என்னை நள்ளிரவில், தெரியாத ஊரின் மருத்துவமனையில், நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தது. கடைசியில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் போன பணமும் பட்ட பயமும் கொஞ்சமில்லை. இந்த யோசனையைச் சொன்ன ஒருவராவது அடுத்த பாதியையும் சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

முன்கதை சுருக்கமாக. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பரிசோதனையில் வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நான் அதற்குள் இருந்தேன். அதிலிருந்து இனிப்பைக் குறைத்து, இரவு உணவை முன்னதாக முடித்து, தினமும் நடந்து, ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தேன். அந்த ஒழுங்கே பிறகு அலுக்கவும் செய்தது. அதனால் இந்தப் பயணத்தை நினைக்கும்போதே நாக்கு ஊறியது. கூட வருவதாக இருந்தவர் கடைசி நேரத்தில் வரவில்லை. சரி, தனியாகவே போவோம் என்று கிளம்பிவிட்டேன். பெயர் பெற்ற ஓர் உணவகத்தில் சனிக்கிழமை இரவுக்கு மேசை பதிவாகியிருந்தது. கிடைத்த நேரம் ஒன்பதரை மணி. அதை அப்போது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை விடுதியிலேயே உணவு இருந்தது. வாடகையில் சேர்ந்ததுதான். அதைத் தாண்டிப் போய் வெறும் வயிற்றில் ஒரு காபி குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். அருங்காட்சியகம், பழைய கட்டடங்கள், சந்தைத் தெரு என்று போய்க்கொண்டே இருந்தேன். கைக்கடிகாரத்தில் அடிக்கணக்கு ஏற ஏற, இரவு விருந்துக்குச் சேமித்து வைப்பது போல ஒரு திருப்தி. மதியம் இன்னொரு காபி, ஒரு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். பத்தாயிரம் அடி என்கிற இலக்கு ஆராய்ச்சியில் பிறந்ததல்ல, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் விளம்பரத்தோடு பரவியது என்பதைப் பின்னால்தான் படித்தேன். நடப்பது நல்லதுதான். ஆனால் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கால்களை ஒரே நாளில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விரட்டினால் அவை என்ன செய்யும்? மாலைக்குள் குதிகாலும் முழங்காலும் கெஞ்சின. பையில் வலி மாத்திரை இருந்தது, ஐபுப்ரோஃபென் வகை. அதையும் வெறும் வயிற்றிலேயே போட்டுக்கொண்டேன். இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பூச்சை அந்த வகை மாத்திரைகள் பலவீனப்படுத்தும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

உணவகத்துக்குள் நுழையும்போது பசி என்று அதைச் சொல்ல முடியாது. கை லேசாக நடுங்கியது, எரிச்சல் வேறு. அந்த நிலையில் மெனுவைப் பார்த்தால் எல்லாமே வேண்டும்போல இருக்கும். தனியாகச் சாப்பிடுகிறவருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, பகிர்ந்துகொள்ள ஆள் கிடையாது. நாலு பேர் கூடிச் சுவைக்கிற அளவை ஒரே ஆள் வரவழைப்பார். நான் வரவழைத்தேன். பொரித்தது, கிரீம் போட்டது, நடுவில் குளிர்பானம், கடைசியில் சாக்லெட் இனிப்பு, அதன் மேல் ஒரு காபி. வயிறு நிரம்பிய செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் போல ஆகும் என்பார்கள். நான் அந்த இருபது நிமிடத்துக்குள் பாதி மேசையைக் காலி செய்திருந்தேன். இதில் எனக்கு இன்னமும் ஆறாதது ஒன்றுண்டு. எந்தப் பதார்த்தத்துக்காக அந்த ஊருக்கே போனேனோ, அது இரண்டாவதாக வந்தது. அதன் சுவை நினைவில் இல்லை. அள்ளிப் போட்டதுதான் நினைவிருக்கிறது. பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டுக் காத்திருந்தது எதற்காகவோ, அது ருசியே தெரியாமல் உள்ளே போய்விட்டது.

அறைக்குத் திரும்பும்போது பதினொன்றரை தாண்டியிருந்தது. காலணியைக் கழற்றினேன், அப்படியே படுக்கையில் விழுந்தேன். ஒரு மணிக்கு மேல் விழிப்பு வந்தபோது நெஞ்சின் நடுவே யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவது போல இருந்தது. தொண்டை வரை புளிப்பு. எழுந்து உட்கார்ந்தேன், குறையவில்லை. தண்ணீர் குடித்தேன், இன்னும் கரித்தது. அப்புறம் வியர்த்தது. வியர்த்தது வலியாலா, பயத்தாலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கைபேசியில் தேடினால் வாயுத்தொல்லை என்று ஒரு பக்கம் சொன்னது, மாரடைப்பு என்று மறுபக்கம் சொன்னது. வீட்டுக்குக் கூப்பிட்டால் பதறுவார்கள், இந்நேரத்தில் அவர்களால் என்ன செய்ய முடியும்? ரிசப்ஷனைக் கூப்பிடக் கூச்சம். சாப்பாடு அதிகமாகிவிட்டது என்று சிரிப்பார்களோ என்ற நினைப்பு. அந்தக் கூச்சத்தில் முக்கால் மணி நேரம் போனது. நிஜமாகவே இதயக் கோளாறாக இருந்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம்தான் எல்லாம்.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலி வந்தால் அது எதுக்களிப்பா இதயமா என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டும் ஒன்று போலவே நடிக்கும். உணவுக்குழாயும் இதயமும் அக்கம்பக்கம், வலியைச் சொல்லும் நரம்புப் பாதைகளும் கலந்தவை. அமிலத்தைத் தணிக்கும் சிரப்பைக் குடித்ததும் வலி குறைந்தால்கூட அது இதயம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அழுத்தம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல் இவற்றில் எது சேர்ந்து வந்தாலும் அவசர உதவியைக் கூப்பிட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அறிகுறி இப்படிப் பாடப்புத்தகம் போல வராமலும் போகலாம்.

ஒருவழியாக ரிசப்ஷனுக்குச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வண்டி ஏற்பாடு செய்து, பணியாளர் ஒருவர் வாசல் வரை வந்து ஏற்றிவிட்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் ஈசிஜி எடுத்தார்கள். சரியாகவே இருந்தது. அதோடு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை, இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. உடனே ஏறாது, ஏறச் சில மணி நேரம் எடுக்கும். அதனால் ஒரு முறை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டு மறுபடியும் எடுப்பார்கள். அந்த இடைவெளிதான் கொடுமை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகிக்கொண்டிருந்தார். என் கைபேசியில் சார்ஜ் பத்து சதவீதத்துக்கும் கீழே, சார்ஜர் அறையில். "உறவினர் யாராவது வந்திருக்கிறார்களா?" என்று செவிலியர் கேட்டபோது இல்லை என்று சொல்லக் குரல் வரவில்லை.

விடியும் நேரத்தில் இரண்டாவது முடிவும் நல்லபடியாக வந்தது. மருத்துவர் உட்கார்ந்து பேசினார். "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுத்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "அதற்கு முன்னால்?" முந்தின நாள் இரவு என்றேன். வேறு மாத்திரை ஏதாவது என்றதும் வலி மாத்திரையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் விளக்கியது இவ்வளவுதான்: உணவுக்குழாயின் அடியில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது, இரைப்பையில் இருப்பது மேலே வராமல் அதுதான் மூடி வைக்கும். கொழுப்பு, சாக்லெட், காபி, மது, புதினா இவையெல்லாம் அதைத் தளர்த்தக்கூடியவை. வயிறு மட்டுமீறி நிரம்பினால் உள்ளிருந்து அழுத்தம் வேறு. அந்த நேரத்தில் படுத்தால் புவியீர்ப்பின் உதவியும் போய்விடுகிறது. ஏற்கெனவே மாத்திரையால் புண்பட்ட வயிறு. தனித்தனியாக வந்திருந்தால் ஒவ்வொன்றையும் என் உடம்பு தாங்கியிருக்கும், ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்கியதுதான் வினை என்றார்.

இழப்பைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. பரிசோதனைகளுக்கும் படுக்கைக்கும் கட்டியது, பயணம் மொத்தத்துக்கும் ஒதுக்கிய தொகையை விட அதிகம். உள்நோயாளியாகச் சேர்க்கவில்லை என்பதால் என் காப்பீட்டில் ஒன்றும் தேறவில்லை. உங்கள் பாலிசியில் வெளியூர் அவசர சிகிச்சைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலை நடைச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டியிருந்தேன், அது போனது. திரும்பும் பயணச்சீட்டை மாற்றக் கூடுதல் பணம். திங்கள்கிழமை விடுப்பு, சம்பளப் பிடித்தத்தோடு. அந்த ஊரில் பார்க்க நினைத்ததில் பாதியைப் பார்க்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த யோசனையின் மேல்தான். வெறும் கலோரிக் கணக்கை மட்டும் பார்த்தால் அது சரியாகவே வரும். ஆனால் வயிற்றுக்குக் கணக்கு தெரியாது, நேரமும் அளவும்தான் தெரியும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தப் பட்டினி விளையாட்டை விளையாடினால் நெஞ்செரிச்சலோடு நிற்காது, சர்க்கரை தாழ்ந்து தெருவில் மயங்கி விழவும் வாய்ப்புண்டு.

அதன்பிறகு போகும் பயணங்களில் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று பிரித்துக்கொண்டேன். விடாதவை சிலதான். காலை உணவு கட்டாயம், அதில் முட்டையோ பயறோ தயிரோ, புரதம் ஏதாவது ஒன்று. ஆசைப்பட்ட பெரிய சாப்பாடு மதியத்துக்கு மாறிவிட்டது. பல நல்ல உணவகங்களில் மதியத்தில் மேசை எளிதாகக் கிடைக்கிறது, சில இடங்களில் விலையும் குறைவு, சாப்பிட்ட பிறகு நடக்கப் பொழுதும் இருக்கிறது. சாப்பிட்டதும் பத்து பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவது மட்டுப்படும். சுற்றுலாவில் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை, அடுத்த இடத்துக்கு நடந்தே போனால் போதும். இரவில் எளிதாக ஏதாவது, படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். எங்காவது தாமதமாகிவிட்டால் உட்கார்ந்து ஏதாவது படித்துவிட்டுத்தான் படுக்கிறேன், அதுவும் இடப்பக்கம் சாய்ந்து. இடப்பக்கம் படுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறைகிறது. தலையணைகளை அடுக்கித் தலையை மட்டும் தூக்கினால் இடுப்பு மடிந்து வயிற்றில் அழுத்தம் கூடும், தோளிலிருந்தே உயர வேண்டும்.

தூக்கத்தையும் நான் முன்பு கணக்கில் வைத்ததில்லை. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் வராதது நம் குறையல்ல. மூளையின் ஒரு பாதி, இடப்பாதி, மற்றதைவிட விழிப்பாகவே இருக்கிறது என்று 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். காவல்காரர் போல ஒரு பாதி விழித்திருக்கும் மூளைக்கு மேல் மாலைக் காபியையும் ஊற்றினால்? காபியில் உள்ள காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் வேண்டும். நான் மதியத்தோடு காபியை நிறுத்திக்கொள்கிறேன். மது அருந்துபவர்கள் உறக்கம் நன்றாக வருகிறது என்பார்கள், வருவது முதல் பாதிதான், பின்னிரவில் அதுவே கலைத்துவிடும். தூக்கம் கெட்ட மறுநாள் பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, இனிப்பும் எண்ணெயுமாகத் தேட வைக்கும். இரண்டாம் நாளில் வாய் கட்டுக்குள் நிற்காததற்கு மன உறுதி இல்லாதது காரணம் என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த எச்சரிக்கை எல்லாம் எதிர்ப்பக்கம் எகிறியதும் உண்டு. அடுத்த பயணத்துக்கு அக்காவோடு போனேன். பயந்துபோய், ஒரு டப்பா நிறைய வறுத்த பருப்பும் பழமும் எடுத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் அதையே கொறித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கடையிலும் உட்காரவில்லை. இரண்டாம் நாள் மதியம் அக்கா பொறுமையிழந்து, "நீ ஊர் பார்க்க வந்தியா, உன் டப்பாவைப் பார்க்க வந்தியா?" என்றாள். பதில் இல்லை. அன்று இருவரும் ஒரே தட்டை நடுவில் வைத்து, ஒரு இனிப்பையும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். முதல் இரண்டு மூன்று வாயில்தான் முழு ருசி, அதன்பிறகு கை பழக்கத்தில் போய்வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல்: இது என் ஊரில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் வேண்டாம். கிடைக்காது என்றால் கூச்சமில்லாமல் சாப்பிடுகிறேன், உட்கார்ந்து, கைபேசியை உள்ளே வைத்துவிட்டு. விமான நிலையத்துப் பொட்டலச் சிப்ஸும், அறையில் வைத்திருக்கும் பிஸ்கட்டும், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்கும் குளிர்பானமும் இதிலேயே அடிபட்டுவிடும்.

தனியாகப் போகும்போது அரை அளவு கிடைக்குமா என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் கிடைக்கிறது, மெனுவில் போட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மிச்சத்தைக் கட்டி வாங்குவதாக இருந்தால் அறையில் குளிர்பெட்டி வேண்டும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பணம் கொடுத்தோமே என்று மறுநாள் காலை அதைத் தின்று, வயிற்றுப்போக்கை வாங்கிக்கொண்டு திரும்புவதைவிட விட்டுவிட்டு வருவது மலிவு.

தனியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். கைபேசியின் பூட்டுத்திரையிலேயே அவசரத் தகவல் போட்டு வைக்க வசதி இருக்கிறது. ரத்த வகை, ஒவ்வாமை, எடுக்கும் மாத்திரைகள், அழைக்க வேண்டிய எண். பூட்டைத் திறக்காமலேயே அடுத்தவர் பார்க்கலாம். அறைக்குள் நுழைந்ததும் இருபத்து நான்கு மணி நேர மருத்துவமனை எங்கே என்று ரிசப்ஷனில் கேட்டு வைத்துக்கொள்கிறேன். விசித்திரமாகப் பார்த்தார்கள் என்றால் பார்க்கட்டும். சார்ஜரும் ஒரு சிறிய பவர் பேங்கும் எப்போதும் கைப்பையில். வலி மாத்திரையோடு ஆன்டாசிட்டும் வைத்திருக்கிறேன், ஆனால் வலி மாத்திரையைத் தொடும் முன் ஏதாவது சாப்பிட்டேனா என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியூர்ச் சாப்பாட்டில் நார்ச்சத்து குறைந்து தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல் தவறாமல் வரும். இதை யாரும் வெளியில் பேசுவதில்லை. நாளுக்கு ஒரு முழுப் பழமும் ஒரு தட்டு காய்கறியும் சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

திரும்பி வந்த மறுநாள் எடை பார்க்க நினைப்பவர்களுக்கு: பார்க்காதீர்கள். அந்த முதல் பயணம் முடிந்து ஏறி நின்றபோது இரண்டு கிலோ கூடியிருந்தது, பார்த்ததும் அழுகை வந்தது. ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி உபரி வேண்டும், ஒரு விருந்தில் அது நடக்காது. ஏறியது பெரும்பாலும் நீர். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, உணவகச் சாப்பாட்டில் அது மதியத்துக்குள்ளேயே தாண்டிவிடும், கூடிய உப்பு நீரைப் பிடித்து வைக்கும். உடலில் சேமிப்பாகும் மாவுச்சத்தும் ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவுக்கு நீரைக் கூடவே வைத்துக்கொள்ளும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அந்த வாரக் கடைசிக்குள் எடை தானாகப் பழையபடி வந்துவிட்டது. நடுவில், தெரிந்த ஒருவர் உடலைச் சுத்தப்படுத்தும் சாறு என்று விலை கூடிய பாட்டில் ஒன்றை வாங்கச் சொன்னார். மருத்துவமனை பில்லைக் காட்டினேன். பேச்சை மாற்றிவிட்டார்.